வள்ளம் வராமல் மூடாத ஜன்னல்

என் மகள் செய்த ஜன்னல் ஒன்று எங்கள் கடற்கரைச் சங்கத்து அறையில் இருந்தது. மரத்தில் செய்த ஜன்னல் இல்லை, கம்ப்யூட்டர் திரையில் திறக்கிற ஜன்னல். கடலுக்குப் போன வள்ளம் எல்லாம் திரும்பி வந்தால் ஒழிய அதை மூட முடியாது. அப்படித்தான் அவள் அதைச் செய்து வைத்திருந்தாள். அதனால் என்ன நடந்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுத்து மெல்லத்தான் வரும். வாசிக்கிறவர்களும் மெல்ல வாசித்தால் போதும்.

எனக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் படித்தாள், இளையவன் கடலுக்குப் போனான். அவனும் படித்திருக்கலாம். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் தெரிந்துகொண்டே இருந்தது, அதற்கு நான் என்ன செய்ய. அவர்கள் அப்பா இறந்த பிறகு சந்தைப் பக்கம் கருவாட்டுக் கடை போட்டு இருவரையும் ஆளாக்கினேன். யார் வாசலிலும் போய் நின்றதில்லை. மகளைக் கட்டிக் கொடுத்தேன், ஒத்து வரவில்லை, வந்துவிட்டாள். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. பெங்களூரில் உள்ள ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். முன்னறையில் மேசை, அதன் மேல் இரண்டு திரை, காதில் ஒரு கருவி. காலையில் உட்கார்ந்தால் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பாள்.

என்ன வேலை என்று எனக்கு வெகுகாலம் தெரியாது. கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்பேன். ஒருத்தி, "டைப் அடிக்காளாக்கும்" என்றாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து மகளிடமே கேட்டேன். ஜன்னலை மூடும்போது என்ன நடக்க வேண்டும் என்பதைத்தான் அந்த வருஷம் அவளிடம் கொடுத்திருந்தார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மூடுவதற்கு ஒரு படிப்பா, அதற்கு ஒரு ஆளா என்றேன். அவள் கோபித்துக்கொள்ளாமல் திரையின் மேல் மூலையைக் காட்டினாள். அங்கே சின்னதாகப் பெருக்கல் குறி ஒன்று இருந்தது.

"இதை அமுக்கினா மூடிருதுன்னு நீ நினைக்கேம்மா. மூடாது. மூடட்டுமான்னு உள்ள போய்க் கேக்கும். அதுக்கு நான் எழுதி வச்சிருக்கிறதுதான் பதில் சொல்லும்."

எனக்கு அது உடனே புரிந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் போய்ட்டு வாரோம் என்று எழுந்திருப்பார்கள். அது போவது இல்லை, கேட்பதுதான். சரி என்பதும், இருந்து காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்பதும் வீட்டுக்காரி கையில் இருக்கிறது. இப்படித்தானே என்று கேட்டேன். இப்படியேதான் என்றாள். அதன் பிறகு யார் கேட்டாலும் என் மகள் வேலை என்ன என்று நானே விளக்கிச் சொல்லுவேன். பாதிப் பேருக்குப் புரியாது. புரியாவிட்டால் போகட்டும்.

சங்கத்துக்கு அவள் அந்த ஜன்னலைச் சும்மாதான் செய்து கொடுத்தாள். தம்பி போகிற கரை, அதனால். முன்பெல்லாம் சங்கத்து அறை வாசலில் ஒரு கரும்பலகை இருக்கும். போகிற வள்ளத்தின் எண்ணைக் கணக்கர் சாக்கட்டியால் எழுதுவார், வந்தால் அழிப்பார். ஒரு நாள் ஐஸ் இறக்க வந்த ஒருவன் பலகையில் சாய்ந்து நின்று பீடி குடித்தான். போகும்போது நாலைந்து வள்ளத்தை முதுகில் ஒட்டிக்கொண்டு போய்விட்டான். "ஏலே, எங்க வீட்டு ஆளு ஒன் சட்டையில இருக்காருலே, கழத்திக் குடுத்துட்டுப் போ" என்று ஒருத்தி அவன் பின்னாலேயே நடந்தாள். கரையே சிரித்தது. ஆனால் எந்த வள்ளம் போனது, எது வந்தது என்று அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. அதற்குப் பிறகுதான் சங்கம் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்தது.

கணக்கர் என் வீட்டுக்காரரை அண்ணன் என்று கூப்பிட்டவர். என்னை மைனி என்பார். பெரிய கண்ணாடி, சுத்தமான வேட்டி. எந்தப் பொருளையும் துணி போட்டு மூடி வைக்கிற ஆள். கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே அவர் வீட்டுக்காரியின் பழைய சேலையைக் கிழித்து அதற்கு உறை தைத்துக்கொண்டு வந்தார். உப்புக்காற்றுக்கு எதுவும் தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

அவர் கையில் அந்த ஜன்னல் முதலில் பட்ட பாடு கொஞ்சமில்லை. பாதி வள்ளத்தைப் பதிந்துவிட்டுப் பெருக்கல் குறியை அமுக்கிவிடுவார். பதிந்தது எல்லாம் போய்விடும். மகள் ஒரு கேள்வி வைத்தாள். பதிந்ததைப் பத்திரப்படுத்தவா, வேண்டாமா, மூடாமல் இருக்கவா என்று மூன்று பொத்தான். அவர் வாசிக்காமலே எதையாவது அமுக்குவார். வாசிக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, கடையைக் கட்டுகிற நேரத்தில் ஆள் நின்று கேள்வி கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது என்றார். அதுவும் சரிதான். மகள் கேள்வியை எடுத்துவிட்டு, மூடும்போது அதுவே பத்திரப்படுத்திக்கொள்ளும்படி மாற்றினாள். மூடினதும் அன்றைய நிலவரம் ஒரு வரியாகச் சங்கத் தலைவர் போனுக்குப் போய்விடும். தலைவர் அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போவார்.

அப்போதுதான் இன்னொன்று தெரிந்தது. சில நாள் வள்ளம் கடலில் இருக்கும்போதே கணக்கர் மூடிவிடுகிறார். மகளுக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்பிள்ளை கடலில் இருந்தால் வாசற்கதவைத் தாழ் போட மாட்டோம். மத்தியானம் கண்ணயர்ந்தாலும் சரி, பூசைக்குப் போனாலும் சரி, கதவு சும்மா சாத்தித்தான் இருக்கும். அவளுடைய அப்பா காலத்திலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள். அந்த வழக்கத்தைத்தான் ஜன்னலுக்குள் எழுதினாள். ஒரு வள்ளம் பாக்கி இருந்தாலும் பெருக்கல் குறியை அமுக்கினால் மூடாது. "இன்னும் கரை சேராத வள்ளம் உண்டு. மூட முடியாது" என்று சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் சரி என்கிற ஒரே பொத்தான்தான். சரி என்று அமுக்கினால் பெட்டி போய்விடும், ஜன்னல் அப்படியே நிற்கும்.

அதை எனக்குக் காட்டினபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கோவில் வாசலில், சந்தையில், தண்ணீர் லாரி வருகிற இடத்தில், எல்லாரிடமும் சொன்னேன். என் மகன் சொன்னதுதான் வேடிக்கை. "ஏக்கா, நான் வராட்டா ஒன் மிசினு தூங்காதா? அம்மையே தூங்கிருவாவளே" என்று என்னைக் கிண்டல் பண்ணினான்.

ஒரு தடவை மின்சாரம் போய், பேட்டரி பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்தி, கம்ப்யூட்டரே தன்னை அணைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறது. அதற்கும் இந்த ஜன்னல் மூட மாட்டேன் என்று நின்றதில் பேட்டரி தீர்ந்து எல்லாம் பொட்டென்று போய்விட்டது. அதைச் சரிபண்ண ஆள் வரவேண்டியதாயிற்று. யார் மூடச் சொல்கிறார்கள் என்று பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். மனுசர் சொன்னால் ஒரு பதில், மிசினே சொன்னால் ஒரு பதில் என்று பிரித்து எழுதினாள். கணக்கரிடம், இனிமேல் எக்காரணம் கொண்டும் வயரைப் பிடுங்காதீங்க சித்தப்பா, பிடுங்கினா கெட்டுப்போயிரும் என்று அழுத்திச் சொல்லியிருந்தாள். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

ஆனால் அவருக்கும் வயிறு இருக்கிறது, வீடு இருக்கிறது. வள்ளம் வரும்வரை உட்கார்ந்திருக்க வேறு ஆள் போடுங்கள் என்று சங்கத்தில் கேட்டார். பார்க்கலாம் என்றார்கள். ஒருவரும் வரவில்லை. பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. ஜன்னல் தினமும் மூடியது. தலைவர் போனுக்குத் தினமும் அந்த வரி போனது. எல்லா வள்ளமும் நேரத்துக்கு வருகிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

கார்த்திகை மாசம். கொண்டல் காற்று இரண்டு நாளாக ஒரு மாதிரியாக இருந்தது. மகனும் கூட்டாளிகள் இரண்டு பேரும் இருட்டோடு போனார்கள். வெயில் ஏறுவதற்குள் வானம் கறுத்துவிட்டது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்கள் என்று கடையிலேயே செய்தி வந்தது. சாக்கைப் போட்டுக் கருவாட்டை மூடிவிட்டுக் கரைக்கு நடந்தேன். வள்ளம் ஒன்று ஒன்றாக வந்துகொண்டிருந்தது. கரையில் நின்றவர்கள் எல்லாம் சேர்ந்து இழுத்து மணலில் ஏற்றினார்கள். மழை சாய்ந்து அடித்தது. என் மகன் வள்ளம் வரவில்லை. வந்தவர்களைக் கேட்டேன். கரைக்கு எதிரே உள்ள தீவுக்குக் கிழக்கே வலை இழுத்துக்கொண்டிருந்தான், பின்னாலேயே வருவான் பெரியம்மா என்றார்கள்.

பின்னால் வருகிறவர்களும் வந்தாயிற்று. அதற்குப் பிறகு கடல் வெறுமனே கிடந்தது. சங்கத்து அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. சங்கத் தலைவர் ஐஸ் ஷெட்டில் நான்கு பேரோடு ஒதுங்கி நின்றார். என் மகன் வரவில்லை என்று சொன்னேன். அவர் போனை எடுத்துப் பார்த்தார். மீன்துறைக்காரர்கள் இப்போதுதான் கேட்டார்கள், எல்லாம் வந்தாச்சு என்று சொல்லிவிட்டேன் என்றார். என் மகன் வரவில்லை என்று மறுபடியும் சொன்னேன். அவர் போனை என் முகத்துக்கு நேரே பிடித்தார். எழுத்துக்கூட்டி வாசித்தேன். எல்லா வள்ளமும் கரை சேர்ந்தது என்றுதான் இருந்தது.

"நான் சொல்லலை பெரியம்மா. ஒங்க மக எழுதினதுதான் சொல்லுது. வள்ளம் வராம மூடாதுன்னு நீங்கதான ஊரெல்லாம் சொன்னிய?"

அவர் குத்திச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். கூட நின்றவர்களும் தலையாட்டினார்கள். வேம்பார்ப் பக்கம் ஏற்றியிருப்பான், அங்கிருந்து சொல்லிவிட்டிருப்பான், கணக்கர் பதிந்திருப்பார் என்று ஆளாளுக்கு ஒரு கரையில் என் மகனை ஏற்றினார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்கு என் கண்ணை விட அந்தப் போன் பெரிதாகிவிட்டது.  என் வாயால் சொன்னதைத்தானே எனக்குத் திருப்பித் தந்தார்கள்.

வீட்டுக்குப் போனேன். மகள் பெங்களூர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தாள். கையைக் காட்டினேன். காதுக் கருவியைக் கழற்றிவிட்டு வந்தாள். சொன்னேன்.  அவள் கேட்டது, ஜன்னல் மூடியிருக்கா என்று. மூடித்தான் தலைவருக்குச் செய்தி வந்திருக்கிறது என்றேன். அவள் மூச்சு விட்டாள்.

"அப்ப வந்துட்டாம்மா. அவன் வராம அது மூடாது."

நான் நம்பினேன். கரையில் அத்தனை பேர் சொல்லி நம்பாதவள், என் மகள் சொன்னதால் நம்பினேன். அவன் போன் எடுக்கவில்லை, நனைந்திருக்கும் என்றாள். வேம்பாருக்குப் பேசினாள், பிறகு தெற்கே பெரியதாழை வரைக்கும் தெரிந்தவர்கள் எல்லாரையும் கூப்பிட்டாள். இங்கன வரலியே என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். ஒரு கரை இல்லை என்றால் அடுத்த கரை என்று அவள் போய்க்கொண்டே இருந்தாள். நான் குசினிக்குப் போய் அவன் குளிக்க வெந்நீர் போட்டேன். அரிசியும் களைந்து வைத்தேன். அவள் அந்தப் பக்கம் பேசுகிறது கேட்கும். குரல் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்துகொண்டு வந்தது. வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டே போனது. அது தெரிந்தும் நான் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன்.

கூட்டாளி ஒருவனின் பெண்சாதி கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். அத்தை, ஒங்க மகன் வந்துட்டாரா என்று கேட்டாள். வந்துவிட்டான் என்றால் எங்கே என்று கேட்பாள். பிள்ளை நனையுது, உள்ள வா என்றேன். மகள் அவளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குடைகூட எடுக்காமல் தெருவில் இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன்.

கணக்கர் வீட்டுக் கூரையில் தகரம் பறந்துவிடாமல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். ஏணியின் கீழே நின்று மகள் கேட்டாள், தம்பி வந்ததைக் கண்ணால் பார்த்தீங்களா சித்தப்பா என்று. அவர் இறங்கி வந்தார். ஏணிப்படி ஒவ்வொன்றிலும் நின்று நின்று இறங்கினார்.

நடந்ததைச் சொன்னார். சங்கத்து அறைக்குள் மழை அடித்திருக்கிறது. தரையில் தண்ணீர் ஏறி, மேசைக்கடியில் உள்ள கம்ப்யூட்டர் பெட்டிக்குக் கிட்டே வந்துவிட்டது. அணைத்து மேலே தூக்கி வைத்து உறை போட வேண்டும். மற்ற வள்ளம் எல்லாம் வந்து பதிந்தாயிற்று, என் மகன் வள்ளம் ஒன்றுதான் பாக்கி. ஜன்னல் மூடவில்லை. வயரைப் பிடுங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. சரி என்று அமுக்கினால் மறுபடியும் நிற்கிறது. அதனால் அவன் எண்ணுக்கு நேரே வந்தாச்சு என்று குறி போட்டு, சிலுவை போட்டுக்கொண்டு மூடினாராம். இன்றைக்கு மட்டும் இல்லையாம். என்றைக்குமே அப்படித்தானாம். அவர் வீடு போய்ச் சேருவதற்குள் வள்ளமும் கரை சேர்ந்துவிடும், ஒரு நாளும் பொய்யானதில்லையாம்.

மகள் கேட்டாள், தண்ணீர் வந்தால் மிசின் போகட்டும் என்று விட்டுவிட்டு வரவேண்டியதுதானே, ஏன் குறி போட்டீங்க என்று. அவர் என் பக்கம் திரும்பினார். 

"அவன் எண்ணை அப்படியே நிக்க விட்டுட்டு எப்படிப் போவேன் மைனி. நீங்க போவியளா?"

எனக்கு அவரைத் திட்ட வரவில்லை. கரும்பலகைக் காலத்தில் வீட்டுக்குப் போகும்போது பலகையில் ஒரு எண்ணும் இருக்கக் கூடாது. கடைசி வள்ளம் பாக்கி இருந்தாலும், மாதாவே கரை சேத்துரு என்று சொல்லி உள்ளங்கையால் அழித்துவிட்டுத்தான் போவார். ராத்திரி தாண்டி ஒரு எண்ணைப் பலகையில் எழுதி நிறுத்தினால் அது திரும்பி வராத வள்ளத்தின் எண். முப்பதாம் நாள் பூசை வரைக்கும் அப்படியே நிற்கும், ஒருவரும் தொட மாட்டார்கள். எங்கள் கரையில் பிறந்த யாருக்கும் இது தெரியும். பெங்களூருக்கு எழுதிக் கொடுக்கிற என் மகளுக்கும் தெரியும். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை விட்டுவிட்டுத் தலைவரைத் தேடி ஓடினாள்.

தலைவர் துறைக்காரர்களுக்கு மறுபடியும் போன் போட்டார். வெளிச்சம் போய்விட்டது, கடலும் ஏறிவிட்டது, விடிந்ததும் கப்பல் விடுகிறோம் என்றார்களாம். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பையன்களே வள்ளத்தைத் தள்ளிப் பார்த்தார்கள். அலை அதைப் பக்கவாட்டில் திருப்பி மணலிலேயே போட்டது. அந்த ராத்திரியை நான் எழுத மாட்டேன்.

விடிந்து காற்று கொஞ்சம் இறங்கினதும் எங்கள் கரை வள்ளங்களே முந்திக்கொண்டு போயின. உச்சிப் பொழுதுக்கு முன்னால் மூன்று பேரையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். தீவுக்கு வெளியே, கவிழ்ந்த வள்ளத்தின் முதுகில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். உயிரோடுதான் வந்தார்கள். அதற்கு மாதாவுக்கு ஸ்தோத்திரம். உதடு வெடித்து, கண் இரண்டும் வீங்கி, என் மகனை எனக்கே அடையாளம் தெரியவில்லை. பெரியாஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கிற அளவுக்குத் தேறினதும் மகள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். இஞ்சின் எப்போது நின்றது என்று. உச்சிக்கெல்லாம் நின்றுவிட்டது என்றான். தீவு தெரிந்ததா என்றாள். மரம் தெரிகிற தூரத்தில் இருந்தது என்றான். கூட்டாளிகள் துடுப்புப் போட்டுப் போய்விடலாம், வெளிச்சம் இருக்கும்போதே ஏறிவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இவன்தான் வேண்டாம் என்றிருக்கிறான். துடுப்புப் போட்டு இடம் மாறிவிட்டால் தேடி வருகிறவர்களுக்குத் தெரியாது, நங்கூரம் போட்டு இருந்த இடத்திலேயே இருப்போம் என்றானாம். அவள், எதை நம்பி அப்படிச் சொன்னாய் என்று கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

"நாம வரலேன்னா ஒன் ஜன்னல் மூடாதுல்லாக்கா. நாலு மணிக்கெல்லாம் ஆளு வரும்னு அவுகளுக்குச் சொன்னேன்."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு மிச்சக் கஞ்சியைக் குடித்தான். அந்தி மயங்கினதும் நங்கூரக் கயிறு அறுந்ததையும், வள்ளம் புரண்டதையும் பிறகு சொன்னான். அவள் அதைக் கேட்டாளா என்று தெரியவில்லை. நான் கஞ்சிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எடுத்துக்கொண்டு போக ஏதாவது கிடைத்ததே என்று இருந்தது.

அதற்குப் பிறகு அவள் கம்பெனி வேலை முடிந்ததும் இந்த ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருவாள். ஒன்று எழுதுவாள், அழிப்பாள். என்னிடம் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். மூடுவதற்குக் காரணம் எழுதச் சொன்னால் என்ன என்பாள். கணக்கர் ஒரு புள்ளி வைத்துவிட்டு மூடுவார் என்பேன். தலைவர் போனில் சங்கு ஊதுகிற மாதிரி வைத்தால் என்ன என்பாள். அவர் சத்தத்தை அணைத்துவிடுவார் என்பேன். கடைசியில் சரியானது ஒன்றைக் கண்டுபிடித்தாள். மூட வேண்டும் என்றால் மூடிக்கொள்ளட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் வராத வள்ளத்தின் எண் அழியாமல் நிற்கும், மூடும்போது எல்லார் போனுக்கும் போகும். யாரும் பொய்க்குறி போட வேண்டிய அவசியமே இல்லை. எனக்குக் கேட்கக் கேட்கச் சரியாகத்தான் பட்டது.

சங்கத்தைக் கூட்டிக் காட்டினாள். வீட்டுப் பெண்களும் வந்திருந்தோம். எப்படி வரும் என்று காட்டுவதற்காக, எங்கள் வீட்டு வள்ளத்து எண்ணையே போட்டு அனுப்பினாள். அடுத்த வீட்டு எண்ணைப் போட்டால் சண்டை வரும் என்று. என் மடியிலிருந்த போன் சிணுங்கியது. "கரை சேராதது" என்று மேலே, அதன் கீழே என் மகன் வள்ளத்தின் எண். என் மகன் அந்த அறையில்தான், எனக்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் கை போய் அந்த எழுத்தை மூடிக்கொண்டது.

அதை எடுத்துரு மக்கா என்று நான்தான் முதலில் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒவ்வொரு பெண்ணாகச் சொன்னார்கள். எங்க வீட்டு எண்ணை அப்படிப் போட்டு அனுப்பக் கூடாது என்றாள் ஒருத்தி. உயிரோட இருக்கும்போதே பலகையில நிறுத்தவா என்றாள் இன்னொருத்தி. ஆண்களில் ஒருவர்கூட வேண்டும் என்று சொல்லவில்லை.  தலைவர், பிள்ளை, நீ ஒண்ணும் கேக்க வேண்டாம், ஒண்ணும் சொல்ல வேண்டாம், அமுக்கினா மூடுற மாதிரி வச்சுக் குடு என்று முடித்துவிட்டார்.

அவள் அப்படியே வைத்துக் கொடுத்தாள். முன்னறையில் உட்கார்ந்து அவள் அதை எழுதினபோது நான் பக்கத்தில் இருந்தேன். எழுதுவதற்கு ஒன்றுமே இல்லை, அழித்ததுதான் வேலை. வரி வரியாக அழித்தாள். பிறகு திறந்து பெருக்கல் குறியை அமுக்கினாள். ஜன்னல் சட்டென்று போய்விட்டது. மறுபடி திறந்து அமுக்கினாள். மறுபடியும் போய்விட்டது. நீ சொல்லும்மா, நான் என்ன பண்ணியிருக்கணும் என்று திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.  நான் எழுந்து போய் அவளுக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தேன்.

மகனுக்கு மத்தியானச் சோறு போடும்போது அவள் வந்து சொன்னாள், ஜன்னலை மாற்றிவிட்டேன் என்று. அவன் மறுபடியும் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தான். கூட்டாளிகள் அவர்களேதான், வள்ளம் வேறு. உள்ளங்கைத் தோல் இன்னும் முழுசாக மூடவில்லை. அதனால் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்ப நான் வரலேன்னா அது என்ன சொல்லும்?"

"ஒண்ணும் சொல்லாதுடா. மூடிரும்."

அவன் கரண்டியில் இருந்ததை மென்று விழுங்கினான். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. நாளைக்கு எந்தப் பக்கம் வலை போடுவது என்று யோசிக்கிற முகம்தான்.

"சரி. அப்ப இனிமே வெளிச்சம் இருக்கும்போதே துடுப்பு போட்டிருவோம்" என்றான்.

பிறகு குழம்பு கேட்டான். ஊற்றினேன்.